சைலேஜ் பையில் சின்ன ஓட்டை... பால் வரைக்கும் பாதிக்குமா? மாடு வளர்ப்போர் கவனிக்க வேண்டியது என்ன?

கோடையில் பசுந்தீவனம் கிடைக்காமல் திண்டாடும் சிறு பண்ணையாளர்களுக்குக் கை கொடுப்பது சைலேஜ், அதாவது ஊறுகாய்ப் புல். மக்காச்சோளம், சோளத்தட்டு, கம்பு நேப்பியர் ஆகியவற்றை நறுக்கி, காற்றுப் புகாத பையில் அடைத்துவிட்டால் மாதக்கணக்கில் கெடாது. ஆனால், அந்தப் பையில் எலி கடித்த ஒரு ஓட்டை போதும், உள்ளே இருக்கும் தீவனம் கெட்டுப்போக!

பைக்குள் என்ன நடக்கிறது?

பால் தயிராக உறைவதைப் போலத்தான் இதுவும். காற்று இல்லாத இடத்தில் நுண்ணுயிரிகள் தீவனத்தில் உள்ள சர்க்கரையை லாக்டிக் அமிலமாக மாற்றுகின்றன. அந்தப் புளிப்புதான் தீவனத்தைக் காப்பாற்றுகிறது. இதற்குச் சுமார் 45 நாட்கள் தேவை.

காற்று உள்ளே போனால் கதை மாறிவிடும். தீவனம் சூடாகும், பூஞ்சை பிடிக்கும். சில பூஞ்சைகள் அஃப்லாடாக்சின் என்ற நஞ்சை உருவாக்கும். அதை மாடு சாப்பிட்டால், ஒரு பகுதி அஃப்லாடாக்சின் எம்1 ஆக மாறிப் பாலில் வெளியேறும். பாலைக் காய்ச்சினாலும் இது முழுசாகப் போகாது.

தமிழ்நாட்டுக்கு இது ஏன் முக்கியம்?

இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-ல் நாடு முழுவதும் எடுத்து, 2019-ல் வெளியிட்ட பால் ஆய்வில் 6,432 மாதிரிகள் சோதிக்கப்பட்டன. அதில் 5.7 சதவீத மாதிரிகளில் அஃப்லாடாக்சின் எம்1 வரம்பைத் தாண்டியிருந்தது. அதிகம் காணப்பட்ட முதல் மூன்று இடங்களில் தமிழ்நாடு, டெல்லி, கேரளா இருந்தன. அனுமதிக்கப்பட்ட அளவு ஒரு கிலோ பாலுக்கு 0.5 மைக்ரோகிராம்.

இதற்கு சைலேஜ் மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. பூஞ்சை பிடித்த புண்ணாக்கு, மக்காச்சோளம், வைக்கோல் என எதிலிருந்தும் வரலாம். ஆனால், தீவனம் வழியாகத்தான் இந்த நஞ்சு பாலுக்கு வருகிறது.

எந்த அளவு பை வாங்கலாம்?

சிறு பண்ணையில் பலரும் தவறுவது இங்கேதான். இரண்டு மாடு இருக்கிறது, ஒன்றுக்கு நாளைக்கு 20 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 50 கிலோ பை ஒண்ணேகால் நாளில் காலி. அதுவே ஒரு டன் பை என்றால் தீர 25 நாளாகும். அத்தனை நாளும் தினமும் திறந்து மூடும்போது காற்று உள்ளே போகும். விலை குறைவு என்று பெரிய பை வாங்கி, பாதியைக் குப்பையில் கொட்டினால் லாபம் எங்கே?

தினமும் செய்ய வேண்டியவை

* பையைச் சுற்றிப் பாருங்க. ஓட்டை தெரிந்தால் உடனே நல்ல டேப் போட்டு ஒட்டுங்க, நாளைக்குப் பார்த்துக்கலாம்னு விடாதீங்க.
* நேரடி வெயில் படாமல், தரையிலிருந்து உயர்த்தி, பலகை மேல் வைங்க. சுற்றிலும் புல், குப்பை இல்லாவிட்டால் எலி அண்டாது.
* தேவையானதை மட்டும் எடுத்து, காற்றை அழுத்தி வெளியேற்றி, வாயை இறுக்கிக் கட்டுங்க.
* சொந்தமாக அடைப்பவர்கள் ஈரத்தைச் சோதிக்கணும். நறுக்கிய தீவனத்தைக் கையில் பிடித்து அழுத்தினால் தண்ணீர் சொட்டக் கூடாது. கையை விரித்ததும் உருண்டை மெதுவாகப் பிரியணும்.

கெட்டுவிட்டதா? கண்டுபிடிப்பது எப்படி?

நல்ல சைலேஜ் இளமஞ்சள் கலந்த பச்சையில், இதமான புளிப்பு வாசனையுடன் இருக்கும். அழுகிய நாற்றம், கையில் சூடு, பூஞ்சைத் திட்டுகள் இருந்தால் ஆபத்து. பூஞ்சை தெரிகிற இடத்தை மட்டும் கிள்ளி எறிந்தால் போதாது. சுற்றியிருக்கும் பகுதியிலும் நஞ்சு பரவியிருக்கலாம். "மாட்டுக்கு ஆகாது, ஆட்டுக்குப் போடலாம்" என்பதும் தவறு. கெட்ட சைலேஜில் வளரும் லிஸ்டீரியா கிருமி ஆடுகளில் கருச்சிதைவையும் மூளை பாதிப்பையும் ஏற்படுத்தும்.

குழி வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு

அடைத்த முதல் சில வாரங்களில் குழிக்குள் நச்சு வாயு தங்கியிருக்கும். தனியாக உள்ளே இறங்கவே கூடாது.

கெட்டுப்போன ஒரு பையைக் கொட்டுவது வலிக்கத்தான் செய்யும். ஆனால் அதே தீவனத்தை மாட்டுக்கு வைத்தால், ஓரிரு நாளில் அந்த நஞ்சு பாலில் வந்துவிடும். அந்தப் பாலைத்தான் பண்ணையாளர் வீட்டுக் குழந்தையும் குடிக்கும்.