ஏரி நடுவே ஓர் அடைக்கலம்

இராஜஸ்தானத்து உதய்ப்பூரைக் கண்டு திரும்புவோர் நம்மிடம் கூறுவன பெரும்பாலும் இரண்டே. ஏரிகளின் அழகு ஒன்று. அரண்மனைகளின் ஆடம்பரம் மற்றொன்று. 'கிழக்கின் வெனிஸ்' எனச் சுற்றுலா ஏடுகள் சூட்டிய பட்டத்தையும் சேர்த்துச் சொல்வர். அந்நகரைக் கண்ட நமக்கு இவை பொய்யெனத் தோன்றவில்லை; போதா என்றே தோன்றுகிறது. உதய்ப்பூரை அடைக்கலத்தின் நகரம் எனக் கொண்டு காண்பதே பொருந்தும் என்பது நம் கருத்து.

நகர் தோன்றிய வரலாறே அடைக்கலத்தில்தான் தொடங்குகிறது. சித்தோர்க் கோட்டையில் அரியணையைக் கவர்ந்த பன்வீர், இளவரசர் உதய்சிங்கையும் கொல்ல வந்தபோது, செவிலித்தாய் பன்னா தன் மகனை அவரது படுக்கையில் கிடத்தி அவரைக் காத்தாள் என்பது மேவார் மரபு. கும்பல்கர்க் கோட்டையில் மறைந்து வளர்ந்த அவரே 1559இல் ஆரவல்லி மலைகளின் அரணுக்குள், பிச்சோலா ஏரிக்கரையில், புதுநகர் கண்டார். 1568இல் அக்பரின் படை சித்தோரை வீழ்த்தியது. அவ்வெற்றிக்குப் பின் கோட்டைக்குள் இருந்த குடியானவர் பல்லாயிரவர் கொல்லப்பட்டனர். அக்பரின் சமயப் பொறையைப் போற்றி எழுதும் நம்மவர் பலர் இதனைத் தொடாமலே சென்றுவிடுகின்றனர். தொடத்தான் வேண்டும்.

எனினும், இக்கொடுமை ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு மேவாரின் வரலாறு முழுவதையும் இரு சமயங்களின் போராக விரித்துரைப்போர் இன்று மிகுந்துள்ளனர். 1576இல் ஹல்திகாட்டிக் கணவாயில் நடந்த போரை அவர்கள் சான்று காட்டுவர். அப்போரில் முகலாயப் படைக்குத் தலைமை தாங்கியவர் ஆம்பேர் அரசமரபின் இராஜபுத்திரர் மான்சிங். மகாராணா பிரதாப்பின் தூசிப்படையை நடத்திச் சென்று களத்தில் உயிர் நீத்தவரோ ஹக்கீம் கான் சூர் என்னும் ஆப்கானியர். சமயத்தை அளவுகோலாக வைத்து இப்போரை எங்ஙனம் அளப்பது? பிரதாப்பின் வீரத்தை இவ்வுண்மை ஒரு துளியும் குறைப்பதில்லை. அவரோடு நின்றோர் யாவர் என்பதைக் கூட்டிச் சொல்கிறது, அவ்வளவே.

இவற்றினும் மேலாக நம் நெஞ்சைக் கவர்ந்தது பிச்சோலா ஏரியின் தென்பகுதித் தீவொன்றில் நிற்கும் ஜக் மந்திர். பிரதாப்பின் மகன் அமர்சிங் 1615இல் முகலாயருடன் உடன்படிக்கை செய்துகொண்டார். அவரை அந்நிலைக்குக் கொணர்ந்த படைக்குத் தலைவர், பேரரசர் ஜகாங்கீரின் மகன் இளவரசர் குர்ரம். ராணா நேரில் அவைக்கு வர வேண்டுவதில்லை, மகன் கரண்சிங் வந்தால் போதும் என்று உடன்படிக்கை மதிப்போடு முடிந்தது. சில ஆண்டுகளில் காலம் புரண்டது. 1622இல் தந்தைக்கு எதிராகக் கிளர்ந்த குர்ரம் ஊர் ஊராக அலைய நேர்ந்தது. அவருக்கு இடம் தந்தவர் யார்? தோல்வியுற்ற அமர்சிங்கின் மகன், அந்நாளில் மகாராணாவாகியிருந்த அதே கரண்சிங்! தீவில் குல் மகால் என்னும் குவிமாட மாளிகையை அவர் தங்கிய இடமெனச் சுட்டுகின்றனர். 1628இல் ஷாஜகான் என்னும் பெயரோடு அரியணை ஏறியவர் இவரே. (தாஜ்மகாலுக்கான எண்ணம் இத்தீவில்தான் உதித்தது என்று அங்கே அடித்துச் சொல்கின்றனர். சொல்பவர் சொல்லட்டும், சான்று வேண்டுமன்றோ!)

சிலம்பில் ஒரு காதைக்கே அடைக்கலக் காதை என்று பெயர் அமைந்திருப்பதை நாம் வகுப்பறையில் பல்லாண்டாகச் சொல்லி வருகிறோம். ஆனால் மாதரியிடம் ஒப்படைக்கப்பட்ட கண்ணகி அவளுக்குப் பகையல்லள். இங்கோ, நேற்றுப் படையோடு வந்தவரே இன்று புகலிடம் வேண்டி நிற்கிறார், கதவும் திறக்கிறது.

கதை இத்துடன் இனிதே முடிந்திருந்தால் நமக்கும் மகிழ்ச்சிதான். மேவார் அரசர் சித்தோர்க் கோட்டையின் சுவர்களைச் செப்பனிட்டபோது, அது உடன்படிக்கைக்கு மாறானது எனக் கூறி 1654இல் படையனுப்பி இடிக்கச் செய்தவரும் இதே ஷாஜகான்தான். நன்றி கொன்றார் என்போமா? அரசியல் என்போமா? அரியணை ஏறியவர் உண்ட உப்பை மறப்பது எந்தச் சமயத்துக்கும் தனியுரிமையன்று. தீவு மட்டும் தன் வழக்கத்தை விடவில்லை. 1857 கிளர்ச்சியின்போது நீமச்சிலிருந்து தப்பி வந்த ஐரோப்பியக் குடும்பங்களை மகாராணா சுவரூப்சிங் அங்கேயே வைத்துக் காத்தார்.

அரசர்க்கும் இளவரசர்க்கும் மட்டுந்தானா அடைக்கலம்? ஏரிகளின் கதையைக் கேட்டால் விடை கிடைக்கும். பிச்சோலா நகருக்கு முற்பட்டது. 14ஆம் நூற்றாண்டில் பொதிமாடு ஓட்டிய பஞ்சாரா வணிகர் ஒருவர் கட்டியது என்பது வழக்கு. நகருக்கு வடக்கே உள்ள ராஜ்சமந்து ஏரியோ, பஞ்சத்தில் வாடிய மக்களுக்கு வேலையும் கூலியும் கிடைக்குமாறு மகாராணா ராஜ்சிங் 1662இல் தொடங்கிய பணி. கோமதி ஆற்றின் குறுக்கே கரை எழுந்து முடிய 1676 ஆயிற்று. பதினான்கு ஆண்டுகள் மண் சுமந்தோர் பெயர் எந்த அரண்மனைச் சுவரிலும் இல்லை.

ஜக் நிவாஸ் என்னும் மற்றொரு தீவு மாளிகை 1963 முதல் விடுதியாக நடந்து வருகிறது. அதன் வெண்மாடத்தைக் கரையிலிருந்து படமெடுத்துக்கொண்டு திரும்புவதே பலருக்கு உதய்ப்பூர். வடநாட்டுச் சுற்றுலாவுக்கு மாணவரை அழைத்துச் செல்லும் ஆசிரியப் பெருமக்கள், கடைத்தெருவுக்கு ஒதுக்கும் நேரத்தில் பாதியைக் குறைத்து, ஜக் மந்திருக்கும் ராஜ்சமந்துக்கும் தருதல் வேண்டும். ராஜ்சமந்துக் கரையின் படித்துறையில் 25 கற்பலகைகளில் 'ராஜப் பிரசஸ்தி' என்னும் வடமொழிக் காவியம் பொறிக்கப்பட்டுள்ளது. ஏரி எடுத்த செய்தியும் அதில் உண்டு. எழுத்து நமக்கு விளங்காது போயினும், கல்வெட்டியல் பயின்ற தமிழ் மாணவர்க்கு அதன்முன் நெடுநேரம் நிற்கக் கால் வலிக்காது.