மாடி வாடகையில் இஎம்ஐ கட்டலாம்... மாடியில் இருப்பவர் எங்கே போவார்?

நியூயார்க்கின் புரூக்ளினில், பெட்ஃபோர்டு-ஸ்டைவசன்ட் ஏரியாவில் இரண்டு போர்ஷன் வீடு தேடுபவர்களின் கணக்கு சிம்பிள். ஒன்றில் நாம் குடியிருக்கலாம், இன்னொன்றின் வாடகை இஎம்ஐ-க்குப் போயிடும். அமெரிக்க அரசின் எஃப்.எச்.ஏ. உத்தரவாதக் கடனும் கைகொடுக்கும். நாமே அங்கு குடியிருந்தால், முன்பணம் 3.5 சதவீதத்திலிருந்து தொடங்குகிறது. வாடகையையும் வருமானமாகக் காட்டலாம்.

சரி, மாடியில் ஏற்கெனவே இருப்பவர்?

நியூயார்க்கின் வாடகை உச்சவரம்பு, பெரும்பாலும் 1974-க்கு முன் கட்டிய, 6 வீடுகளாவது உள்ள கட்டடங்களுக்குத்தான். இரண்டு போர்ஷன் வீட்டில் ஒப்பந்தம் முடிந்தால், முறைப்படி நோட்டீஸ் கொடுத்து வாடகையை ஏற்றலாம். காலி செய்யவும் சொல்லலாம்.

1930-களின் அரசு வரைபடத்தில் இந்த ஏரியாவுக்குச் சிவப்பு நிறம். அதாவது, கடன் கொடுத்தால் ஆபத்து. கறுப்பினத்தவர் வாழ்ந்த பகுதிகளை அன்று எஃப்.எச்.ஏ.வும் ஒதுக்கியது. கடனே கிடைக்காத காலத்திலும் ஏரியாவை விட்டுப் போகாத குடும்பங்கள், மவுசு கூடிய பிறகு வாடகை கட்டுப்படியாகாமல் வெளியேறுகின்றன.

இங்கே வீடு வாங்குவது தப்பில்லை. ஆனா, ‘காலி செய்து தரப்படும்’ என்ற விளம்பரத்தைப் பார்த்து சந்தோஷப்படுவதற்கு முன், இப்போது இருப்பவர் தரும் வாடகையை வைத்துக் கணக்குப் போடுங்க. கட்டுப்படியானால் தாராளமா வாங்கலாம். அவரை அனுப்பினால்தான் கட்டுப்படியாகும்னா, அந்த வீடு உங்க பட்ஜெட்டில் இல்லை என்றுதான் அர்த்தம்.