காவல் மட்டும் போதாது

பழைய கம்ப்யூட்டருக்குப் புதிய ஆண்டிவைரஸ் ஒன்றைப் போட்டுவிட்டால் பயமில்லை என்ற எண்ணம் பலரிடம் இருந்து வருகிறது. இது அபாயகரமான அபிப்பிராயம். சுவர் இடிந்த வீட்டில் வாசலில் மட்டும் காவலாளை நிறுத்தி என்ன பிரயோஜனம்?

விண்டோஸ் எக்ஸ்பியின் பராமரிப்பை 2014 ஏப்ரல் 8-ந் தேதியோடு மைக்ரோஸாப்ட் கம்பெனி நிறுத்திவிட்டது. சென்னை ஸி-டாக் தயாரித்த பாஸ் லினக்ஸை உபயோகிக்கும்படி அவ்வருஷமே தமிழ்நாட்டு சர்க்கார் தன் இலாகாக்களுக்கு யோசனை கூறிற்று. சுதேசிச் சரக்கு, விலையுமில்லை, தமிழும் அதில் உண்டு. அந்த யோசனையை நாம் மனமார மெச்சுகிறோம். யோசனையோடு நின்றால் போதுமா என்பதே கேள்வி.

2017 மே மாதத்தில் வான்னாக்ரை உலகெங்கும் பரவியபோது ஆந்திரப் போலீஸ் கம்ப்யூட்டர்களும் அதில் அகப்பட்டன. அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தம் மார்ச்சிலேயே வெளியாகியிருந்தது. எக்ஸ்பிக்கோ, நாசம் பரவிய பிறகே கிடைத்தது!

மாகறல் கிராமத்தாரின் பட்டாவும் சான்றிதழும் இன்று கம்ப்யூட்டரில்தான் இருக்கின்றன. விண்டோஸ் 10-இன் பொதுப் பராமரிப்பும் 2025 அக்டோபர் 14-ந் தேதி முடிந்துவிட்டது. பராமரிப்பற்ற யந்திரங்கள் எத்தனை என்பதை இலாகாவாரியாக சர்க்கார் வெளியிட வேண்டும். மாற்றும் வரையில் அவற்றை இன்டர்நெட்டிலிருந்து விலக்கிவைக்க வேண்டுமென்றும் வற்புறுத்துகிறோம்.