எட்ட நின்று பார்ப்போம்

சுற்றுலா என்றதும் நம் நினைவிற்கு வருவன எவை? பேருந்தில் பாட்டு, கடற்கரையில் ஆட்டம், கூட்டமாக நின்று ஒரு புகைப்படம். இவையெல்லாம் கூடாதென்று நாங்கள் கூறவில்லை. ஆனால் பறவைகளைக் காணச் செல்லும் சுற்றுலாவிற்கு வேறோர் இலக்கணம் உண்டு. அங்கே வீட்டுக்காரர் பறவைகள், விருந்தினர் நாம். ஆகவே எட்ட நின்று, வாய் மூடிப் பார்ப்பதே முறை என்பது எங்கள் கருத்து.

சென்ற அரையாண்டு விடுமுறையில், பத்தாம் வகுப்பு மாணவியராகிய நாங்கள் ஆசிரியையருடனும் ஒரு வழிகாட்டியுடனும் கோடியக்கரைக்கும் முத்துப்பேட்டைக்கும் சென்று வந்தோம். கோடியக்கரைக் காடு 1967-ஆம் ஆண்டு சரணாலயமாயிற்று. அக்காடும், சேற்று நிலங்களும், முத்துப்பேட்டை அலையாத்திக் காடுகளும் அடங்கிய 38,500 எக்டேர் பரப்பு, உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமென 2002-இல் ராம்சர் உடன்படிக்கையின் கீழ் ஏற்கப்பட்டது. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் இங்குப் பல்லாண்டுகளாகப் பறவைகளின் கால்களில் வளையமிட்டு, அவை போய் வரும் வழிகளை ஆராய்ந்துள்ளனர்.

விடியற்காலையில் பாலை மரங்கள் நிறைந்த காட்டினுள் நடந்தோம். ஆறுமணிக்குருவியின் குரல் கேட்டது. ஒன்பது வண்ணம் கொண்டதென்று சொல்லப்படும் அப்பறவையைக் கண்ணால் காண இயலவில்லை. ஆயினும் நாங்கள் பேசிக்கொண்டே சென்றிருந்தால் அக்குரலும் எங்களுக்குக் கிட்டியிராது. பின்னர்ச் சேற்று நிலத்தின் ஓரத்தில் நின்று பூநாரைகளைக் கண்டோம். தொலைவில் இளஞ்சிவப்புக் கோடு போலத் தெரிந்தவை, தொலைநோக்கியில் தலையைக் கவிழ்த்து நீரை வடிகட்டி இரை தேடும் பறவைகளாயின.

பிற்பகலில் முத்துப்பேட்டையில் படகேறிக் கோரையாற்றின் வழியே சென்றோம். இருபுறமும் அலையாத்தி மரங்கள். சேற்றிலிருந்து மேல் நோக்கி விரல்களைப் போல நீட்டியிருந்தன அவற்றின் மூச்சு வேர்கள். ஒரு சேற்றுத் திட்டில் சின்னஞ்சிறு உள்ளான்கள் இரை பொறுக்கிக் கொண்டிருந்தன. எங்களுள் ஒருத்தி, "அண்ணா, இன்னும் கொஞ்சம் கிட்டப் போகலாமா?" என்று கேட்டாள். வழிகாட்டியோ, "வேண்டாம்மா, இலையில் உட்கார்ந்தவங்களை எழுப்பக் கூடாது" என்றார். இவ்வொரு சொல்லில் ஒரு பாடமே அடங்கியிருப்பதாக நாங்கள் எண்ணுகிறோம்.

கொசு உள்ளான் என்னும் பறவையின் எடை ஏறக்குறைய 25 கிராம். அஃதாவது, ஒரு கோழி முட்டையில் பாதி! அது சைபீரியாவின் வட கோடியில் குஞ்சு பொரித்து, பல்லாயிரம் கிலோமீட்டர் பறந்து இங்கு வருகிறது. இச்சேற்றிலுள்ள புழு முதலான சிற்றுயிர்களே அதன் உணவு. திரும்பிச் செல்லும் முன் தன் உடலில் கொழுப்பைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். அதுவே அதன் வழிச்சோறு. பறக்கும் படம் ஒன்றிற்காகக் கைதட்டி அதை எழுப்பினால் என்ன ஆகும்? உண்ணும் நேரமும் போயிற்று, உண்டதில் ஒரு பங்கும் போயிற்று. ஒரு படகு செய்தால் சிறு தொல்லை. நாள் முழுவதும் வரும் படகுகள் எல்லாம் செய்தால்?

"அவ்வளவு தூரம் சென்று தள்ளி நின்று பார்ப்பதா? தொலைக்காட்சியில் இதைவிட நன்றாகத் தெரியுமே!" என்று வீட்டில் சிலர் கேட்டனர். அது நியாயமான கேள்வியே. செலவு செய்து அனுப்பியவர்கள் கேட்கத்தான் வேண்டும். ஆனால் தொலைக்காட்சியில் பறவை நமக்காகக் காத்திருக்கும். சேற்று நிலத்திலோ நாம் பறவைக்காகக் காத்திருக்கிறோம். இந்தப் பொறுமையை நாற்பது பேர் ஒருங்கே கற்பதற்கு வேறு வகுப்பறை ஏது?

2018 நவம்பரில் வீசிய கஜா புயல் இவ்விரு காடுகளிலும் எண்ணற்ற மரங்களைச் சாய்த்தது. புயலை நம்மால் தடுக்க இயலாது. நம் கூச்சலைத் தடுக்க இயலுமன்றோ?

எனவே அடுத்த ஆண்டு செல்லவிருக்கும் தங்கைகளுக்குச் சில சொற்கள். பளிச்சிடும் ஆடைகளைத் தவிர்த்து மங்கிய நிற ஆடை அணியுங்கள். கையில் ஒரு குறிப்பேடு இருக்கட்டும். படகோட்டியிடம் "கிட்டப் போங்கள்" என்று கேளாதீர்கள். அவர் மறுத்தால் நன்றி கூறுங்கள். பெற்றோருக்கும் அருட்சகோதரிகளுக்கும் ஒரு வேண்டுகோள்: எங்கள் நாற்பது பேருக்கு இருந்தவை இரண்டே தொலைநோக்கிகள். இன்னும் நான்கு வாங்கித் தந்தால், கிட்டப் போக வேண்டுமென்ற ஆசையே எவருக்கும் எழாது. நாம் காண வேண்டியதையும் காண்போம், பறவைகளும் பசியாறும்.

— பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி