ஐயத்தின் பேரில் ஒரு போர்

ஒரு நாட்டிடம் பேரழிவு ஆயுதங்கள் இருக்கக்கூடும் என்ற ஐயம், அந்நாட்டின் மீது படையெடுக்கும் உரிமையை மற்றொரு நாட்டுக்குத் தருமா? இக்கேள்வி 2003-ஆம் ஆண்டின் ஈராக் போரோடு தீர்ந்துவிட்டது என்று எண்ணுவோர் உண்டு. அது தீரவில்லை. 2025 ஜூன் மாதத்தில் ஈரானின் அணு நிலையங்கள் மீது இஸ்ரயேலும் அமெரிக்காவும் குண்டு வீசியபோதும், இனி வரக்கூடிய ஓர் ஆயுதத்தைப் பற்றிய அச்சமே காரணமாகக் காட்டப்பட்டது. எனவே ஈராக்கின் கதையை நாம் மறந்துவிடலாகாது. அக்கதையைத் திருத்திச் சொல்வோரையும் நம்பிவிடலாகாது.

அவர்கள் சொல்வது இதுதான்: "ஆட்சியாளர்கள் நல்லெண்ணத்தோடுதான் முடிவெடுத்தார்கள். அன்று கிடைத்த தகவல்கள் அப்படி இருந்தன. ஆயுதம் இல்லை என்பது பின்னரே தெரிந்தது. யாரைக் குறை சொல்வது?" கேட்பதற்கு நியாயமாகத் தோன்றும் இவ்வாதத்தை நாம் மறுக்கிறோம். ஆயுதம் இல்லை என்பது பின்னர் தெரிந்திருக்கலாம். ஆயுதம் உண்டு என்பதற்கு உறுதியான சான்று இல்லை என்பதோ அன்றே தெரியும். குற்றம் அங்கேதான் இருக்கிறது.

எதிர்த்தரப்பின் வலுவான வாதத்தை முதலில் நேர்மையோடு கேட்போம். சதாம் உசேன் கொடுங்கோலர். 1988 மார்ச் 16 அன்று ஹலப்ஜா என்ற குர்து நகரின் மீது அவரது படை நச்சுவாயுக் குண்டுகளை வீசியதில் ஏறத்தாழ 5,000 பேர் மாண்டனர். 1990-களில் ஐ.நா. ஆய்வாளர்களை அவரது அரசு பலமுறை ஏய்த்தது, தடுத்தது. இத்தகையவர் மீது ஐயம் கொள்வது தவறா? தவறே அன்று, அது அறிவுடைமை. ஆனால் ஐயம் நம்மிடம் கோருவது ஆய்வை, அழிவை அன்று.

அந்த ஆய்வு நடந்துகொண்டுதான் இருந்தது. 2002 நவம்பர் 8 அன்று பாதுகாப்பு அவை 1441-ஆம் தீர்மானத்தை ஒருமனதாக நிறைவேற்றியது. அம்மாத இறுதியிலேயே ஆய்வாளர்கள் ஈராக்கிற்குத் திரும்பினார்கள். ஹான்ஸ் பிளிக்ஸ் தலைமையிலான குழு நூற்றுக்கணக்கான சோதனைகளை நடத்தியது. ஆயுதக் குவியல் எதையும் காணவில்லை. 2003 மார்ச் 7 அன்று பாதுகாப்பு அவையில் அவர் பேசியபோது, எஞ்சிய பணிக்கு ஆண்டுகள் தேவையில்லை, வாரங்கள் போதா, மாதங்கள் வேண்டும் என்றார். அதே நாளில் அனைத்துலக அணுசக்தி முகமையின் தலைவர் முகமது எல்பரதேய், நைஜர் நாட்டிலிருந்து ஈராக் யுரேனியம் வாங்க முயன்றதாகக் காட்டப்பட்ட ஆவணங்கள் உண்மையானவை அல்ல என்று அறிவித்தார். மார்ச் 20 அன்று பாக்தாத் நகரில் குண்டுகள் விழுந்தன. மாதங்கள் கேட்டவர்களுக்கு இரண்டு வாரங்கள்கூடத் தரப்படவில்லை.

குருமடங்களில் அறநெறி இறையியல் பயில்வோர்க்குப் பழைய எடுத்துக்காட்டு ஒன்று சொல்லப்படுவதுண்டு. வேட்டைக்குச் சென்றவன் புதரில் ஏதோ அசைவதைக் காண்கிறான். அது மானாக இருக்கலாம், மனிதனாகவும் இருக்கலாம். ஐயம் தீராமல் அவன் சுடலாமா? கூடாது. சுட்டானாயின், அங்கே இருந்தது மானே ஆயினும், மனிதனைக் கொல்லவும் அவன் மனத்தளவில் உடன்பட்டவன் ஆகிறான். ஓருயிருக்கே இவ்விதி என்றால், ஏறத்தாழ இரண்டரைக் கோடி மக்கள் வாழ்ந்த ஒரு நாட்டுக்கு எவ்வளவு விழிப்பு வேண்டும்!

"புதரில் இருப்பது புலியானால்? அது பாயும்வரை காத்திருப்பதா?" என்று கேட்பர். பாய வரும் புலியைத் தடுக்கும் தற்காப்பு உரிமையைத் திருச்சபை எவர்க்கும் மறுத்ததில்லை. ஆனால் ஈராக்கில் நடந்தது வேறு. புதருக்குள் சென்று தேடிக்கொண்டிருந்தவர்களை வெளியேறச் செய்துவிட்டு, அதன் பிறகு சுட்டார்கள்!

1992-இல் வெளியான கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல், படைவலிமையால் தற்காத்துக் கொள்வதற்கே கடுமையான நிபந்தனைகளை விதிக்கிறது. எதிரி இழைக்கும் தீங்கு நீடித்ததாக, கொடியதாக, உறுதியானதாக இருக்க வேண்டும். மற்ற வழிகள் அனைத்தும் பயனற்றுப் போயிருக்க வேண்டும். வெற்றிக்குத் தக்க வாய்ப்பு இருக்க வேண்டும். நீக்க முனையும் தீமையைவிடப் பெரிய தீமையைப் போர் விளைவிக்கலாகாது. இவற்றுள் 'உறுதியானது' என்ற சொல்லை அன்பர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டும். இருக்கக்கூடும் என்பது உறுதி ஆகாது. 16-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த தொமினிக்கன் துறவி பிரான்சிஸ்கோ தெ வித்தோரியா, இனிச் செய்யப்போகும் குற்றத்துக்காக ஒருவரை இன்றே கொல்வது பொறுக்கத் தகாதது என்று கற்பித்தார். முன்தடுப்புப் போர் என்ற கருத்து மறைக்கல்வி நூலில் இல்லை என்று 2002-இல் சுட்டிக்காட்டியவர், பின்னாளில் திருத்தந்தையான கர்தினால் இராட்சிங்கர்.

திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் வாளாவிருக்கவில்லை. போர் எப்போதும் தவிர்க்க இயலாதது அன்று, ஆனால் எப்போதும் மனிதகுலத்தின் தோல்வியே என்னும் கருத்தை 2003 ஜனவரி 13 அன்று அரசுத் தூதர்களிடம் எடுத்துரைத்தார். பாக்தாதுக்குக் கர்தினால் எச்செகரேயை அனுப்பினார். வாஷிங்டனுக்குக் கர்தினால் லாகியை அனுப்பினார். லாகி அதிபர் புஷ்ஷைச் சந்தித்த மார்ச் 5, சாம்பல் புதன். அமைதிக்காகத் திருச்சபை நோன்பிருந்த நாள் அது.

அந்நாளில் கத்தோலிக்கருள் சிலரே எழுப்பிய மறுப்பு ஒன்றுண்டு: "இந்நிபந்தனைகளை மதிப்பிடும் பொறுப்பு ஆட்சியாளருடையது என்று மறைக்கல்வி நூலே சொல்கிறதே! ஆலயத்தில் இருப்போர்க்கு உளவுச் செய்தியைப் பற்றி என்ன தெரியும்?" பொறுப்பு ஆட்சியாளருடையது என்பது மெய். ஆனால் பொறுப்பு என்பது கணக்கு ஒப்புவிக்கும் கடமையும் ஆகும். அந்த உளவுச் செய்தியின் தரத்தைப் பார்ப்போம். அமெரிக்க வெளியுறவு அமைச்சர் காலின் பவல் 2003 பிப்ரவரி 5 அன்று பாதுகாப்பு அவையில் விவரித்த நடமாடும் கிருமி ஆயுதக் கூடங்கள், முதன்மையாக ஒரே ஒரு மனிதரின் வாய்மொழியை நம்பியவை. அவர் ஜெர்மனியில் அடைக்கலம் தேடிய ஓர் ஈராக்கியர். தாம் சொன்னது பொய் என்று 2011-இல் அவரே கூறினார்.

தன் குற்றத்தை மறைக்க விரும்பிய பொற்கொல்லன் ஒருவனின் சொல்லைக் கேட்டு, ஆராயாமல் கோவலனைக் கொல்வித்தான் பாண்டியன். உண்மை வெளிப்பட்டபோது தானே கள்வன் என்று ஏற்று உயிர்நீத்தான். நம் காலத்தில் பவல் தம் உரையைத் தம் வாழ்வின் கறை என்று 2005-இல் சொன்னார். முடிவெடுத்த தலைவர்களோ, எடுத்த முடிவு சரியே என்று இறுதிவரை வாதாடினார்கள்.

பின்னர் வந்த அறிக்கைகள் சொல்வதென்ன? ஈராக் தன் இரசாயன ஆயுதக் கையிருப்பை 1991-இலேயே அழித்துவிட்டது என்று அமெரிக்காவே அமைத்த ஆய்வுக்குழு 2004-இல் அறிவித்தது. சிதைந்துபோன பழைய நச்சுக் குண்டுகள் அகப்பட்டன என்பது உண்மை. ஆனால் போருக்குக் காரணமாகச் சொல்லப்பட்டவை அவை அல்ல. அமைதி வழிகள் தீருமுன்பே போர் தொடுக்கப்பட்டது என்று பிரித்தானியாவின் சில்காட் அறிக்கை 2016-இல் முடிவு கூறியது. போரிலும் அதைத் தொடர்ந்த வன்முறையிலும் மாண்ட பொதுமக்களுள், பதிவானவர்களே 1,80,000-க்கும் மேற்பட்டோர்.

நம் சகோதரரின் நிலையையும் நினைவுகூர்வோம். அரசும் காவலும் சிதைந்த மண்ணில் கொலைஞர் தலையெடுத்தனர். 2007 ஜூன் 3 அன்று மோசுல் நகரில் திருப்பலியை முடித்து வந்த கல்தேயக் குரு ரகீத் கன்னி, துணைத் திருத்தொண்டர் மூவரோடு சுட்டுக் கொல்லப்பட்டார். 2008-இல் அந்நகரின் பேராயர் பவுலோஸ் பராஜ் ரஹோ கடத்தப்பட்டுப் பிணமாகக் கிடைத்தார். 2010 அக்டோபர் 31 அன்று பாக்தாத் மீட்பின் அன்னை ஆலயத்தில், திருப்பலி வேளையில், ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2014-இல் தீவிரவாதிகள் மோசுல் கிறிஸ்தவர்களை ஊரைவிட்டே துரத்தினார்கள். போருக்கு முன் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் என மதிப்பிடப்பட்ட ஈராக்கியக் கிறிஸ்தவருள் ஒரு சிறு பகுதியினரே இன்று அங்கே எஞ்சியுள்ளனர்.

மோசுல் என்பது பழைய நினிவே. அந்நகரின் கொடுமை ஐயத்துக்கு இடமின்றி இறைவனுக்குத் தெரிந்திருந்தது. ஆயினும் அவர் நாற்பது நாள் தவணை தந்தார், யோனாவை அனுப்பினார், நகர் மனந்திரும்பியதும் தண்டனையைக் கைவிட்டார். நகர் அழியவில்லையே என்று சினந்தவர் இறைவாக்கினர்தாம்! அந்நோன்பை நினைந்து கல்தேயக் கிறிஸ்தவர்கள் ஆண்டுதோறும் மூன்று நாள் நோன்பிருக்கின்றனர். எல்லாம் அறிந்த இறைவனே தவணை தந்த இடத்தில், ஒன்றும் உறுதியாய் அறியாத மனிதர் தவணை மறுத்தனர்.

மீண்டும் ஒரு நாள், எந்த நாட்டின் பேராலேனும், இதே முழக்கம் எழும். அப்போது நாம் கேட்க வேண்டியவை எளிய கேள்விகளே. உமக்கு என்ன தெரியும்? யார் சொல்லித் தெரியும்? சொன்னவரை விசாரித்தீரா? தேடச் சென்றவர்கள் தேடி முடித்தார்களா? இவற்றுக்கு விடை கிடைக்கும்வரை ஒரு கத்தோலிக்கர் போருக்கு ஆம் என்று சொல்லலாகாது. அவ்வாறு மறுப்பது கோழைத்தனமும் அன்று, அரசியலும் அன்று. கொலை செய்யாதிரு என்ற கட்டளைக்குக் கீழ்ப்படிதல் அது.