போனட்டில் விழுந்த எச்சம் மாலை மழைக்குக் காத்திருக்காது

ஒன்பது வருடத் தவணையில் வாங்கிய கார். வாங்கி மூன்று மாதம்கூட ஆகவில்லை, போனட்டில் ஐம்பது காசு அளவுக்கு ஒரு மங்கல் வட்டம். கழுவினாலும் போகவில்லை, தேய்த்தாலும் போகவில்லை. செனாய், கூலாய் பக்கம் கார் கழுவும் கடைகளில் அடிக்கடி கேட்கக்கூடிய புலம்பல்தான் இது. அது அழுக்காக இருந்தால் போயிருக்கும். பெயிண்டே அந்த இடத்தில் உருமாறிவிட்டது என்பதுதான் விஷயம்.

நம் ஊர்களில் இந்த வேலையைச் செய்யும் பறவைகளுக்குப் பஞ்சமில்லை. பொழுது சாயும் நேரத்தில் மின்கம்பிகளிலும் சாலையோர மரங்களிலும் வந்து அடையும் மைனாக்கள், கருப்பாகப் பளபளக்கும் உடலும் சிவந்த கண்ணும் கொண்ட பழந்தின்னி மைனாக்கள், விடியுமுன்னே கூவி எழுப்பும் குயில், பிறகு காகம். இந்தக் காகத்துக்கும் நமக்கும் ஒரு பழைய தொடர்பு உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முடிவில், கிள்ளான் பக்கத்துக் காப்பித் தோட்டங்களில் புழுக்களைத் தின்பதற்காக இலங்கையிலிருந்து கொண்டுவந்து விடப்பட்டவைதான் இந்த வீட்டுக் காகங்கள். காப்பி போய்விட்டது, காகம் தங்கிவிட்டது.

எச்சம் எப்படிப் பெயிண்டைக் கெடுக்கிறது? அமிலம் அரிக்கிறது என்றுதான் பொதுவாகச் சொல்வார்கள். பறவைகள் தனியாகச் சிறுநீர் கழிப்பதில்லை. எச்சத்தில் தெரியும் வெள்ளைப் பகுதி யூரிக் அமிலம் சார்ந்த பொருள். ஆனால் கதை அதோடு முடியவில்லை. ஈரானின் அமீர்கபீர் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2009இல் வெளியிட்ட ஆய்வில், எச்சத்திலுள்ள செரிமான நொதிகளே பெயிண்டின் மேல்பூச்சைச் சிதைக்கின்றன என்று காட்டினார்கள். பிரிட்டனின் ஆட்டோகிளிம் நிறுவனம் வேறு ஒரு விளக்கம் சொல்கிறது. வெயிலில் மேல்பூச்சு இளகி விரிகிறது. அதன்மேல் எச்சம் காய்ந்து இறுகிக் கிடக்கிறது. பிறகு கார் குளிரும்போது பூச்சு சுருங்கி, எச்சத்தின் சொரசொரப்பை அச்சு வார்த்ததுபோல் பிடித்துக்கொள்கிறது. பளபளப்பு போவது அதனால்தான்.

இந்த இரண்டாவது விளக்கத்தைப் படித்தபோது எனக்கு ஜொகூர் வானிலைதான் நினைவுக்கு வந்தது. நண்பகலில் மண்டையைப் பிளக்கும் வெயில், நாலு மணிக்கு மேல் சடசடவென்று மழை. கருப்பு போனட் வெயிலில் 60 டிகிரி செல்சியஸைச் சாதாரணமாகத் தாண்டும். அடுத்த அரைமணியில் மழைநீர் அதைக் குளிரவைக்கிறது. “சாயங்காலம் மழை வரும், அதுவே கழுவிவிடும்” என்று காத்திருப்பவர்களின் கணக்கு தப்பாவது இங்கேதான். மழை எச்சத்தின் மேல்பகுதியைக் கரைக்கும், தடத்தை அழிக்காது.

பாதுகாப்பாக இருக்கும் அந்த மேல்பூச்சு, அதாவது நிறத்தின்மேல் அடிக்கும் கிளியர் கோட், எவ்வளவு தடிமன் தெரியுமா? பெரும்பாலான கார்களில் 35 முதல் 50 மைக்ரான். நம் தலைமுடி ஒன்றின் பருமனைவிடக் குறைவு. அதனால் எச்சத்தைக் கண்டவுடன், முடிந்தால் அன்று மதிய வெயிலுக்கு முன்பே எடுத்துவிடுவது நல்லது.

எடுக்கும் விதம் முக்கியம். காய்ந்ததை நகத்தால் சுரண்டவோ உலர்ந்த டிஷ்யூவால் தேய்க்கவோ வேண்டாம். பழம் தின்ற பறவையின் எச்சத்தில் விதை இருக்கும், மண்ணும் இருக்கும். தேய்த்தால் உப்புத்தாள் போட்டது மாதிரி கீறும். நன்றாக நனைத்த டிஷ்யூவை அதன்மேல் போட்டுப் பத்து நிமிடம் விடுங்கள். ஊறிய பிறகு ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள். மிச்சமிருந்தால் இன்னொரு ஈர டிஷ்யூ. கடைசியில் தண்ணீர் ஊற்றி, சுத்தமான மைக்ரோபைபர் துணியால் ஈரத்தை ஒற்றினால் போதும். காரில் ஒரு தண்ணீர் பாட்டிலும் ஒரு துணியும் இருந்தால் ஆபீஸ் வாசலிலேயே இதை முடித்துவிடலாம். இன்னொன்று, காய்ந்த எச்சத்தைத் தூளாக்கி மூச்சில் இழுக்கக் கூடாது. புறா எச்சத்தில் நுரையீரலைத் தாக்கும் பூஞ்சை வளரக்கூடும். இந்த வேலையைப் பிள்ளைகளிடம் கொடுக்காதீர்கள், முடித்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

தடம் ஏற்கெனவே விழுந்துவிட்டதா? விரல் நுனியால் மெல்லத் தடவிப் பாருங்கள். வழவழப்பாக இருந்து மங்கல் மட்டும் தெரிந்தால் கையால் போடும் மெல்லிய பாலிஷுக்கே பெரும்பாலும் சரியாகும். கொஞ்சம் பள்ளம் தட்டுப்பட்டால் மெஷின் பாலிஷ் வேண்டும். அதை அனுபவமுள்ள பட்டறையில் கொடுப்பதே மேல், ஏனென்றால் ஒவ்வொரு பாலிஷும் அந்த 50 மைக்ரானிலிருந்து கொஞ்சம் சீவி எடுக்கிறது. பூச்சின் தடிமனை அளக்கும் கருவி வைத்திருக்கிறார்களா என்று கேளுங்கள். அளக்காமலே மெஷினை எடுப்பவரிடம் நான் கார் கொடுக்க மாட்டேன். மேல்பூச்சு வெடித்தோ உரிந்தோ போயிருந்தால் பாலிஷ் உதவாது, அந்தப் பகுதிக்கு மறுபடி பெயிண்ட் அடிக்க வேண்டியதுதான். அப்படி அடித்த காரை விற்கப் போகும்போது வியாபாரி முதலில் கேட்பது, “மோதினதா?” என்பது. எச்சம் என்று சொன்னால் எத்தனை பேர் நம்புவார்கள்! உத்தரவாதத்தையும் நம்பியிருக்க வேண்டாம். பல கார் நிறுவனங்களின் உத்தரவாத ஏட்டில் பறவை எச்சத்தால் வரும் சேதம் சேராது என்று அச்சிட்டே இருக்கும்.

பல் விளக்கும் பேஸ்ட், வினிகர், பாத்திரம் கழுவும் திரவம் என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் வைத்தியங்களை விட்டுவிடுங்கள். பேஸ்ட் கண்டபடி தேய்த்துவிடும், பாத்திரத் திரவம் இருக்கிற மெழுகையும் கழற்றிவிடும்.

தடுப்புக்கு மலிவான வழி மெழுகுதான். நம் வெயிலுக்கும் மழைக்கும் அது சில வாரங்களே தாங்கும், ஆகவே திரும்பத் திரும்பப் போட வேண்டும். செராமிக் பூச்சு போட்டால் எச்சம் ஒன்றும் செய்யாது என்று சில கடைக்காரர்கள் அடித்துச் சொல்வார்கள். அது சரியில்லை. எச்சத்தை எடுப்பது சுலபமாகும், கொஞ்ச நேரம் கூடுதலாகக் கிடைக்கும், அவ்வளவுதான். நாள்கணக்கில் விட்டால் செராமிக்கிலும் தடம் விழும். காருக்குத் துணிப்போர்வை போடுபவர்கள் முதலில் தூசியைக் கழுவிவிட்டுப் போடுங்கள்.

காசில்லாத தடுப்பு, நிறுத்துமுன் தரையைப் பார்ப்பது. தார்ச்சாலையில் வெள்ளைத் தெறிப்பு இருந்தால் மேலே கம்பியோ கிளையோ நிச்சயம் இருக்கும், இரண்டு பெட்டி தள்ளி நிறுத்துங்கள். தீபாவளிக்கு ஊருக்குப் போகும்போது செனாய் விமான நிலையத்தில் நாலைந்து நாள் திறந்தவெளியில் காரை விடுபவர்களுக்கு இது இன்னும் அவசியம். நிழல் தேடி மரத்தடியில் விட்டுப் போவதைவிட மெழுகு போட்டு வெயிலில் விட்டுப் போகலாம்.

எச்சத்துக்காகச் சாலையோர மரத்தை வெட்டச் சொல்லித் தாமான்களில் சண்டை வருவதுண்டு. அந்த மரம் நகராண்மைக் கழகத்துடையது, நாமாகக் கைவைக்க முடியாது. கிளைகளைக் கழிக்கும்படி மனுக் கொடுக்கலாம். வெட்டிவிட்டால் பறவை அடுத்த தெருவுக்குப் போகும், நம் கார் நாள் முழுக்க வெயிலில் கிடக்கும்.

நம் வீடுகளில் இன்னொரு சிக்கல் உண்டு. பாட்டி அமாவாசைக்கும் சனிக்கிழமைக்கும் முன்பக்க மதில்மேல் காகத்துக்குச் சோறு வைப்பார், பக்கத்திலேயே பேரனின் புதுக் கார் நிற்கும். பாட்டியிடம் சோறு வைக்காதீர்கள் என்று சொல்லிவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது. இலையைப் பின்பக்கச் சமையலறை மதிலுக்கு மாற்றச் சொல்லுங்கள். காகம் இரண்டு நாளில் பழகிக்கொள்ளும்.

கதவில் மட்டும், பக்கக் கண்ணாடிக்குக் கீழே கோடு கோடாக எச்சம் வழிந்திருந்தால் காரணம் மரம் அல்ல. மலாய்க்காரர்கள் முராய் என்று சொல்லும் குண்டுக்கரிச்சானோ தேன்சிட்டோ கண்ணாடியில் தன்னையே எதிரியாக நினைத்துக் கொத்திச் சண்டை போட்டிருக்கும். கண்ணாடியை மடக்கி வையுங்கள், மடங்காவிட்டால் ஒரு பழைய காலுறையை மாட்டிவிடுங்கள்.