வாய்க்கால் கடைசி வயலுக்கும் தண்ணி வரோணும்

காலமை ஒன்பது மணிக்கு எங்கட ரீமின்ர மீற்றிங். பத்தரைக்கு மற்ற ரீம்களோட இன்னொண்டு. இரவு, வெளிநாட்டு வாடிக்கையாளர் எழும்பினாப் பிறகு மூன்றாவது. கிளிநொச்சியிலயும் வவுனியாவிலயும் இருந்துகொண்டு மென்பொருள் வேலை செய்யிற எங்களில கனபேருக்கு நாள் இப்பிடித்தான் போகுது. கேட்டால், "அஜைல்" எண்டு சொல்லுவினம்.

2001 இல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் 17 பேர் கூடி எழுதிய அஜைல் பிரகடனம் சொன்னது எளிமையான விசயம். சின்னதாகச் செய், காட்டு, குறை கேள், திருத்து. இதுக்குச் சின்ன ரீம் வேணும். ஸ்க்ரம் வழிகாட்டியும் பத்துப் பேர் அளவோடு நில்லுங்கோ எண்டுதான் சொல்லுது. காரணம் கணக்குத்தான். 6 பேர் ஒருவரோடொருவர் கதைக்க 15 தொடர்புகள் போதும். 50 பேருக்கு 1225.

அந்தச் சிக்கலுக்காகத்தான் 2011 இல் சேஃப், 2015 இல் நெக்சஸ் எண்டு பல ரீம்களை இணைக்கிற முறைகள் வந்தன. சேஃப் முறையில் 50 முதல் 125 பேர் வரை ஒண்டாக இருந்து அடுத்த இரண்டு மூன்று மாத வேலையைத் திட்டமிடோணும். முடிவில், "இது எங்களால ஏலுமா?" எண்டு எல்லாரும் வாக்களிக்கோணும்.

எங்களுக்கு வந்து சேர்ந்தது மீற்றிங் மட்டும்தான், வாக்கு வரேல்லை. திட்டம் வேறெங்கயோ முடிவாகி வரும். எங்களிட்டக் கேக்கிறது ஒரே கேள்வி: "எப்ப முடியும்?"

எங்கட ஊருக்கு இந்த விசயம் புதுசில்லை. சிறுபோகத்துக்கு முதல் இரணைமடுவில் கூட்டம் வைப்பினம். நீர்ப்பாசனத் திணைக்களம், மாவட்ட அதிகாரிகள், கமக்கார அமைப்புகள் எல்லாம் ஒரே இடத்தில். குளத்தில் எவ்வளவு தண்ணி இருக்கு, எத்தினை ஏக்கர் விதைக்கலாம், எப்ப திறக்கிறது, எப்ப பூட்டுறது எண்டு கதைச்சு முடிவெடுப்பினம். பிறகு அவரவர் வயலை அவரவர் பார்ப்பினம். அங்கயும் சண்டை வரும், வாய்க்கால் கடைசி வயலுக்குத் தண்ணி பிந்தும். ஆனால் அந்த வயல்காரர் எழும்பிக் கேக்க அங்க இடம் இருக்கு.

பல ரீம்களைச் சேர்க்கிறதுக்கும் இதுதான் அடிப்படை. பொதுவான தண்ணியை, அதாவது எல்லா ரீமும் தொடுகிற கோட், தரவு, வெளியிடும் திகதி என்பவற்றை, எல்லாரும் இருந்து முடிவெடுக்கோணும். மிச்சத்தை அந்தந்த ரீமிட்ட விடோணும். 1968 இல் மெல்வின் கொன்வே எழுதினார்: ஒரு நிறுவனம் எப்படிக் கதைக்குதோ, அது செய்யிற மென்பொருளும் அந்த வடிவத்திலதான் வரும். ஒரு ரீம் முடிவெடுக்க, இன்னொரு ரீம் பிழை மட்டும் திருத்தினால், மென்பொருளும் ஒட்டுப்போட்டதாத்தான் வரும்.

அறிவியல்நகர் பொறியியல் பீடத்திலிருந்தும் வவுனியாப் பல்கலைக்கழகத்திலிருந்தும் ஒவ்வொரு வருசமும் ஆக்கள் வெளிய வருகினம். அவைக்கு முதல் ஐந்து வருசமும் டிக்கெட் மூடுறதே வேலையெண்டால், முடிவெடுக்க எப்ப பழகிறது? வன்னியில் ஐ.ரி. வளருது எண்டு நாங்கள் பெருமைப்படலாம், ஆனால் வளருறது மலிவான கை மட்டும்தான்.

எங்கட கருத்து இதுதான். வன்னி ரீமுக்கு ஒரு முழு அம்சத்தைத் தொடக்கத்திலிருந்து கடைசிவரை தாங்கோ. திட்டமிடுற இடத்தில் ஒரு கதிரையும், "ஏலாது" எண்டு சொல்லுற உரிமையும் தாங்கோ. தராட்டில், அடுத்த மீற்றிங்கில நாங்களே கேப்பம். ஒருவர் தனியக் கேட்டால் குறை சொல்லுறார் எண்டு போகும். ரீமாக் கேட்டால் பதில் சொல்லத்தான் வேணும்.